உருகாத சர்க்கரை

மழை லீவு விட்ட செவ்வாய்க்கிழமை காலையில், ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த ஓவன், சுவிட்சைப் போட்டதுமே தன் உள்சூடு அறுபத்தெட்டு டிகிரி என்று காட்டியது.

ஷெரில் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். கம்பித்தட்டு ஜில்லென்று இருந்தது. விடாமல் பெய்த மழையில் வீட்டில் எல்லாமே அப்படித்தான் இருந்தது. தலையணை, தீப்பெட்டி, காயாத யூனிபார்ம், சுவர். சாந்தோமில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீடு. மழையும் கடல்காற்றும் சேர்ந்தால் உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

"மம்மி, ராத்திரி ஓவன் போட்டியா?"

ஃப்ளோரா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையைத் தட்டிய கை நின்றது.

"ஏன், சூடா இருக்கா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"அணைச்சிட்டுதான்டி படுத்தேன். அணைச்சேன்னுதான் நெனைக்கிறேன்." சல்லடையைக் கீழே வைத்தாள். "போட்டிருப்பேனோ? டாடி டூட்டிக்குக் கெளம்பறப்ப பாத்தாரா? எதனா சொன்னாரா?"

சும்மா கேட்ட கேள்விக்கு மம்மியின் முகம் இப்படி வெளுக்கும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள்.

"நீ போடல மம்மி. உள்ள ஜில்லுனு இருக்கு. நம்பர்தான் தப்பா காட்டுது."

ஃப்ளோரா நம்பரைப் பார்க்கத் திரும்பவில்லை. மறுபடி சல்லடையை எடுத்துக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. பார்த்தால் ஜெபமாலை சொல்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் போய்க் கேட்டால்தான் தெரியும். "மைதா ஒரு கிலோ, வெண்ணெ ஒரு கிலோ, முட்டை இருபது, பேக்கிங் பவுடர்..." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கை தானாக அளந்து போட்ட கேக். கொஞ்ச நாளாகத்தான் இந்த முணுமுணுப்பு.

அதற்குக் காரணம் இருந்தது. அக்டோபர் கடைசியில் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குச் செய்த கேக் நடுவில் வேகாமல் போனது. சரி, போகட்டும் என்று விட்டார்கள். அடுத்தது ஒரு ஞானஸ்நான விருந்து. பங்கு மக்கள் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, கத்தியை இறக்கினதும் உள்ளேயிருந்து பச்சை மாவு வழிந்து தட்டில் ஓடியது. ஃப்ளோராவே சொன்னாள்: "பேக்கிங் பவுடர் போட மறந்துட்டேன் போல."

மாவு வழிந்ததை எல்லாரும் மறந்திருப்பார்கள். அந்தப் பேச்சைத்தான் வீட்டில் யாராலும் மறக்க முடியவில்லை.

ஃப்ளோராவின் அக்கா ரெஜினா. ஷெரிலுக்குப் பெரியம்மா. ஐம்பதைத் தாண்டின வருஷம், கிறிஸ்மஸுக்குப் பிடித்த கல்கல் பலகாரத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். அன்றைக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது சிஸ்டர்கள் நடத்துகிற இல்லத்தில் இருக்கிறாள். பார்க்கப் போனால் ஃப்ளோராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எங்க வீட்டுக்கு எந்த பஸ்ல போவணும்?" என்று கேட்பாள். ஃப்ளோராவுக்கு வரும் பிப்ரவரியில் ஐம்பது.

ஞானஸ்நான விருந்து முடிந்து வந்த அன்று, டாடி பவுல்சாமி ஷெரிலைத் தெருமுனைக்குக் கூட்டிப்போனார். தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டுகிறவர். வண்டிச் சத்தத்தில் பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேச வராது. அன்றைக்கு வந்தது. "பெரியம்மாவுக்கும் சமையக்கட்டுலதாம்மா ஆரம்பிச்சுது. மம்மிய எதுவும் கேக்காத. ஒரு கண்ணு வெச்சிக்கோ."

அன்றிலிருந்து ஷெரில் கண் வைத்துக்கொண்டிருந்தாள். மம்மி சாவியைத் தேடினால் பயம். தான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பேரை மாற்றிச் சொன்னதாகச் சிரித்தால் பயம். பிளஸ் ஒன் பரீட்சைக்குக்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

பத்து மணி வாக்கில் ஜொவிட்டா வந்தாள். குடையை வாசலில் உதறிவிட்டு, சேறு பட்ட காலோடு உள்ளே வரத் தயங்கி நின்றாள். வியாழக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடும். அப்புறம் கிறிஸ்மஸ் முடிகிறவரை கோவிலில் கல்யாணம் கிடையாது. அதனால் மழை கொட்டினாலும் வியாழன் வியாழன்தான். ஃப்ளோரா அவளுக்கு ஞானத்தாய். அந்தப் பங்கில் பழைய குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் கல்யாண கேக்கை ஞானத்தாய்தான் செய்வாள். கடையில் வாங்கினால், அவர்கள் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் என்னவோ மனஸ்தாபம் என்று ஊர் பேசும். பழமெல்லாம் ஆகஸ்டிலேயே ரம்மில் ஊறப்போட்டாயிற்று.

"இன்னாடி கல்யாணப் பொண்ணு, மழைல நனைஞ்சிட்டு வர? ஜலதோஷம் புடிச்சா கல்யாண முக்காட்டுக்குள்ள தும்மிக்கினு நிக்கப் போற."

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க." ஜொவிட்டா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "ஆழ்வார்பேட்டைல ஒரு பேக்கரில பேசிட்டாங்களாம். மூணு அடுக்கு. இன்னிக்கி சாயங்காலம் சொன்னா நாளை ராத்திரிக்குள்ள குடுத்துடுவாங்களாம்."

"யாரு பேசுனது?"

"அவரோட அம்மா. அந்த ஞானஸ்நானத்துக்கு அவங்களும் வந்திருந்தாங்க இல்ல."

"ஓ. கேக்கப் பாத்திருக்காங்க."

"உங்களுக்கு உடம்பு முடியலன்னு யாரோ சொன்னாங்களாம். சிரமப்படுத்த வேணாம்னுதான், ஆன்ட்டி."

ஃப்ளோரா கையிலிருந்த மாவைத் தட்டினாள். சிரிக்கப் பார்த்தாள். "உன்ன ஞானஸ்நானத் தொட்டில தூக்கிப் புடிச்சவ நான். தலைல தண்ணி பட்டதும் நீ கத்துன கத்துல ஃபாதருக்கே ஜெபம் மறந்து போச்சு."

ஜொவிட்டா சிரித்தாள். மறந்து போச்சு என்ற வார்த்தைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அஞ்சு மணிக்கு சொல்றேன். கேக் நல்லா வந்தா நான் எடுத்தாரேன். இல்லன்னா நானே அந்தக் கடைக்கு போன் பண்ணிடறேன். நீ நடுவுல வாயத் தொறக்காத. போ, போய் தல துவட்டு."

ஜொவிட்டா போனதும் சமையலறையில் மழைச் சத்தம் மட்டும்தான். ஷெரில் ஓவன் பக்கத்தில் நின்றாள். கிளிஃபர்ட் மாமா தோஹாவிலிருந்து கப்பலில் போட்டு அனுப்பியது. கிரானைட் மேடையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கு இங்கே சர்வீஸ் கிடையாது. மாற்றுச் சாமான் வரவழைக்க ஒரு மாசமாவது ஆகும் என்று மாமா முன்பே சொல்லியிருந்தார்.

"மம்மி, ஓவன்லதான் கோளாறு. காலைல ஜில்லுனு இருக்கறப்பவே அறுபத்தெட்டு காட்டுச்சு. செக் பண்ணிடலாம்."

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா விடேன்."

"சொல்லு மம்மி. ஏன்?"

ஃப்ளோரா அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"செக் பண்ணி, ஓவன்ல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா?"

ஷெரில் ஓவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்ப ஓவனா இருக்கலாம், நானா இருக்கலாம். ரெண்டுல எதுன்னு யாருக்கும் தெரியாது. கல்யாணம் முடியற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்டி. கேக்க அவங்க பேக்கரிலயே வாங்கிக்கட்டும்."

"எனக்கும் பயமா இருக்கு மம்மி."

"உனக்கு இன்னாடி பயம்?"

"உனக்கு என்ன பயமோ அதேதான்."

ஃப்ளோரா துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "டாடி சொன்னாரா?"

"ம்."

"இன்னா சொன்னாரு?"

"ஒரு கண்ணு வெச்சிக்கச் சொன்னாரு."

"அதான பாத்தேன். பாத்ரூம் போனா கதவாண்டயே நிக்கறியே, இவளுக்கு இன்னா ஆச்சுன்னு." ஃப்ளோரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பெரியம்மாவையும் நான் இப்படித்தான் பாத்துட்டே திரிஞ்சேன். அவளுக்கு அது தெரிஞ்சிருக்கும் போல. இப்பதான் புரியுது."

பெரியம்மாவின் பேச்சை இந்த மாதத்தில் முதல் தடவையாக வீட்டுக்குள் ஒருத்தர் எடுத்தாயிற்று. எடுத்ததும் ஷெரிலுக்குக் கொஞ்சம் தைரியம் வந்த மாதிரி இருந்தது.

"சர்க்கரை வெச்சுப் பாக்கலாம். நூத்தி எண்பத்தாறுலதான் உருகுமாம். ஓவன இருநூறுல வெச்சா உருகியே ஆகணும். உருகலன்னா ஓவன் பொய் சொல்லுது."

"சர்க்கரைய கருக்கியே கை காச்சுப் போனவகிட்ட உருகறத பத்தி சொல்றியா நீ." ஃப்ளோரா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "நீயே வை. நான் கிட்ட வரல. நான் தொட்டா அப்புறம் நான்தான் தப்பா திருப்புனேன்னு ஆயிடும்."

ஷெரில் அலுமினியத் தாளை மடித்துக் கிண்ணம் மாதிரி செய்து, அதில் ஒரு கரண்டி சர்க்கரையைப் பரப்பினாள். நடுத் தட்டில் வைத்தாள். இருநூறு என்று அழுத்தினாள். ஃப்ளோரா நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். மடியில் ஜெபமாலை. விரல் ஒரே மணியிலேயே நின்றது.

கரண்ட் போய்விடக் கூடாதே என்று ஷெரில் வேண்டிக்கொண்டாள். தெருவில் முழங்கால் தண்ணீர். எந்த நேரமும் நிறுத்திவிடுவார்கள். பல்ப் ஒரு தடவை மங்கிப் பிழைத்தது. நம்பர் ஏறிக்கொண்டே போனது. இருநூறு வந்ததும் ஓவன் பீப் என்றது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

கண்ணாடிக்கு உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் சர்க்கரை வெள்ளையாகக் கிடந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள் ஷெரில்.

ஓரம் மஞ்சளாகிறதா என்று ஷெரில் கண் இடுக்கிப் பார்த்தாள். உருகாதே, உருகாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். உருகினால் மம்மிக்குத்தான் கோளாறு. அரை மணி போயிருக்கும். துணியால் பிடித்துத் தட்டை வெளியே எடுத்து மெல்ல ஆட்டினாள். சர்க்கரை சரசரவென்று ஓடியது. ஈர மணலுக்குக்கூட இதைவிட ஒட்டும் குணம் இருக்கும்.

ஃப்ளோரா எழுந்து வந்தாள். சூடு ஆறுகிறவரை காத்திருக்காமல் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள்.

"நறநறன்னு இருக்குடி."

அதை அவள் ரொம்ப நேரம் மென்றாள். கண் கலங்கியிருந்தது. சிரிக்கவும் செய்தாள்.

"இன்னா ஆச்சாம் அதுக்கு?"

"உள்ள பின்பக்கம் பென்சில் கணக்கா ஒரு குச்சி இருக்கு பாரு. அதான் சென்சார். சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும். போர்டு அந்த நம்பரப் பாத்துதான் சூடு இவ்ளோன்னு தெரிஞ்சிக்கும். நம்பர் ஜாஸ்தியா வந்தா, சூடு போதும்னு ஹீட்டர அணைச்சிடும்."

"ஜில்லுனு இருக்கறப்பவே தனக்கு சூடுன்னு நெனச்சிக்குது."

"ஆமா."

"பாவம்," என்றாள் ஃப்ளோரா.

அந்த நம்பரை அளந்து பார்க்க மல்டிமீட்டர் வேண்டும். அது வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற செண்பகத்தின் மகன் சக்திவேலிடம் இருந்தது. ஏசி மாட்டுகிறவன். ஷெரில் போன் செய்துவிட்டு, ஓவன் கதவைத் திறந்து ஆறவிட்டாள். அது முழுக்க ஆறின நேரத்துக்கு செண்பகமே நொச்சிக்குப்பத்திலிருந்து வந்துவிட்டாள், தலையில் பிளாஸ்டிக் கோணியை மாட்டிக்கொண்டு. படகு கடலுக்குப் போகவில்லை. விற்க மீன் இல்லை. இருந்தாலும் அன்னக்கூடை இடுப்பில் இருந்தது. அதற்குள் பாலிதீன் பையில் மீட்டர்.

"இந்தா பாப்பா, எம்புள்ள மிஷினு. கவுச்சி அடிக்குதுன்னு மூஞ்சி சுளிக்காத. அவன் கொட்டிவாக்கத்துல மாட்டிக்கினான், வர முடியாதாம். சென்சார் அவுட்டாயிருக்கும், புச்சு வாங்கினாதான் ஆவும்னு சொல்லச் சொன்னான்." ஃப்ளோராவைப் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, சாவு வூட்ல குந்தினு கீற மாதிரி குந்தினு கீற?"

"ஓவன் ரிப்பேர், செண்பகம்."

"ரிப்பேருன்னா பாத்துக்கலாம். அதுக்கு ஏன் மூஞ்சி சுண்டிப் போவணும்? எங்க வூட்டுக்காரரு ரிப்பேராயி எத்தினி வருசம் ஆவுது, நான் இன்னா அழுதுக்கினா கீறேன்?"

ஃப்ளோரா சிரித்துவிட்டாள்.

"பாப்பா, கரண்ட புடுங்கிட்டு கைய வெய்யி. போன மழைக்கு எங்க தெருவுல ஒரு புள்ள இப்டித்தான் ஈரக் கையோட..."

"சொல்லாத செண்பகம். போதும்."

"சரி, சொல்லல. டீ இருந்தா குடு."

ஷெரில் பிளக்கைப் பிடுங்கினாள். மெயின் பெட்டியில் அந்த சுவிட்சையும் இறக்கினாள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டாள். மூன்று பேருமாக ஓவனைச் சுவரை விட்டு இழுத்தார்கள். பின்தகட்டின் திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. கடைசித் திருகாணி வராமல் அடம்பிடித்து, ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, கட்டைவிரலில் தோல் உரிந்தது. தகடு கழன்று வந்தபோது பழைய மாவு, தூசி, பல்லி முட்டை ஓடு எல்லாம் கொட்டியது.

சென்சாரிலிருந்து வந்த இரண்டு ஒயர்கள் மேலே, காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே, ஒரு வெள்ளை கனெக்டரில் சேர்ந்தன. அதிலிருந்து வேறு இரண்டு ஒயர்கள் போர்டுக்குப் போயின. ஷெரில் கனெக்டரைப் பிரித்தாள். சென்சார் பக்கத்து முனைகளில் மீட்டரின் கம்பிகளை வைத்தாள். ஆயிரத்து நூற்றி எட்டு.

எந்தச் சூட்டுக்கு எந்த நம்பர் என்று போனில் எடுத்து வைத்திருந்த பட்டியலைப் பார்த்தாள். இந்தக் குளிருக்கு ஆயிரத்து நூற்றி எட்டு இருக்க வேண்டும். அப்படியே இருந்தது.

"இன்னா வந்துது?" என்றாள் ஃப்ளோரா.

"சென்சார் நல்லா இருக்கு மம்மி."

டீ டம்ளரோடு நின்ற செண்பகம், "நல்லா இருந்தா நல்லதுதான?" என்றாள்.

ஃப்ளோரா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஓவன் நல்லாதான் இருக்கு அப்ப."

"இரு மம்மி."

"சர்க்கரைல ஈரம் ஏறியிருக்கும். மழைல்ல. அதான் உருகல."

"இரு மம்மி. ஈரச் சர்க்கரைன்னா சீக்கிரம்தான் உருகும். காலைல அறுபத்தெட்டு காட்டுச்சு. அது நெசம். நான் பாத்தேன்." அழுகை வரும்போல் இருந்தது. அழுதால் மீட்டரைப் பார்க்க முடியாது. சென்சாரிலிருந்து கிளம்புகிறபோது நம்பர் சரி. போர்டுக்குப் போய்ச் சேரும்போது தப்பு. வழியில் இருக்கிறது ஒயரும் இந்தக் கனெக்டரும்தான். கனெக்டரை மறுபடி சேர்த்துப் பொருத்தினாள். போர்டு பக்கத்து முனையைக் கழற்றி, அங்கே கம்பிகளை வைத்தாள்.

ஆயிரத்து இருநூற்றி அறுபத்திரண்டு. பட்டியலில் அது அறுபத்தெட்டு டிகிரிக்கான நம்பர்.

இடது கையால் கனெக்டரை லேசாக அசைத்தாள். நம்பர் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"மம்மி, இங்க வா. வந்து பாரு. நான் ஆட்றேன், நம்பரப் பாரு."

ஃப்ளோரா வந்து குனிந்து பார்த்தாள். ஷெரிலின் தோளைப் பிடித்த பிடி மட்டும் வலித்தது.

கனெக்டருக்குள் பித்தளை முனைகள் பச்சை பூத்து, மேலே வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. ஷெரில் பழைய டூத்பிரஷ்ஷில் வினிகர் தொட்டுத் தேய்த்தாள். நகம் ராவுகிற அட்டையை மெல்லிசாக வெட்டி உள்ளே விட்டுச் சுரண்டினாள். பஞ்சால் துடைத்து, பக்கத்து அறையில் இருந்த பிளக்கில் ஹேர் டிரையரைச் சொருகிக் காய வைத்தாள். திரும்ப அளந்தபோது ஆயிரத்து நூற்றி எட்டுக்கு இரண்டு முன்னே பின்னே நின்றது. எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள்.

இருபத்தெட்டு டிகிரி.

புதுசாக ஒரு கரண்டி சர்க்கரை உள்ளே போனது. இந்தத் தடவை மூன்று பேரும் கண்ணாடி முன்னால் குந்திக்கொண்டார்கள். ஓவன் பீப் என்று சொன்ன கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் சர்க்கரை கண்ணாடி மாதிரி ஆனது. அப்புறம் மொத்தமும் இளகி, பொன்னிறமாகி, கொதித்தது.

"கருகுது, எடு எடு," என்றாள் ஃப்ளோரா. பழைய குரல்.

செண்பகம் மீட்டரைப் பையில் சுற்றிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு எனக்கு ஒரு துண்டு எட்த்து வெய்யி. பெரிய துண்டா." கோணியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய்விட்டாள்.

ஃப்ளோராவின் கை ஓடியது. வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்கக் குழைத்தாள். முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து முகர்ந்து ஊற்றினாள். கருக்கின சர்க்கரைப் பாகைச் சேர்த்ததும் மாவு காப்பிக் கொட்டை நிறத்துக்கு வந்தது. ரம்மில் ஊறின திராட்சையும் செர்ரியும் ஆரஞ்சுத் தோலும் உள்ளே போனபோது வீடே மணத்தது. பெரிய அடுக்குக்கான தகரத்தில் ஊற்றி, மேலே விரலால் சிலுவை வரைந்து, ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். சாத்தின கை அப்படியே மேல் அலமாரிக்குப் போனது.

அங்கே மாதா பாட்டில் இருந்தது. மாதா உருவத்தில் பிளாஸ்டிக் பாட்டில். நீலக் கிரீடம்தான் மூடி. உள்ளே கோவில் தீர்த்தம், அதில் மந்திரித்த உப்பு ஒரு சிட்டிகை. ஓவன் வந்து இறங்கின அன்று ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அதிலிருந்து கேக் வைக்கிறபோதெல்லாம் ஃப்ளோரா ஓவன் தலையில் தெளிப்பாள்.

"மம்மி, அது வேணாம்."

கை நின்றது. "ஏன்?"

ஷெரில் ஓவன் தலையிலிருந்த காற்றுத் துளைகளைக் காட்டினாள். "இது வழியாத்தான் அந்த உப்புத் தண்ணி இறங்கிருக்கு. பின்தகட்டுல கோடு கோடா உப்புத் தடம் இருந்துச்சு."

ஃப்ளோரா பாட்டிலைக் கையில் எடுத்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. "ஒரு சொட்டு ரெண்டு சொட்டுதான்டி தெளிப்பேன்."

"எத்தன வாட்டி?"

"கேக் வெக்கறப்ப ஒரு வாட்டி."

ஷெரில் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சொன்னாள். "முன்னல்லாம் ஈஸ்டர் பாஸ்காவுக்கு தீர்த்தம் புடிச்சா அடுத்த பாஸ்கா வரைக்கும் வரும் மம்மி. இப்ப ஞாயித்துக்கெழமைக்கு ஞாயிறு நான் புடிச்சாரேன். நீதான் பாட்டில குடுக்கற."

ஃப்ளோரா உட்கார்ந்தாள். மாதாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெளிச்சிட்டு மாவு கலக்கப் போவேன். திரும்பி வந்தா தெளிச்சேனா இல்லையான்னு சந்தேகம் வரும். இருக்கட்டுமேன்னு இன்னொரு வாட்டி தெளிப்பேன். அப்புறமும் வரும். கேக் செய்யாத நாள்லகூட." மாதாவின் நீலக் கிரீடத்தைத் திருகிப் பார்த்தாள். "படுத்துட்டு எழுந்து வந்துகூட தெளிச்சிருக்கேன்."

"கேக் சரியா வரலன்ற பயத்துல தெளிச்சிருப்ப."

ஃப்ளோரா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். முகத்தில் அது தெரிந்தது. அப்புறம் தலையை ஆட்டினாள்.

"தெரியலடி. எது மொதல்ல? கேக் கெட்டுப்போய் நான் தெளிக்க ஆரம்பிச்சேனா, தெளிச்சுத் தெளிச்சு ஓவன் கெட்டுச்சா? நீதான தண்ணி புடிச்சாந்த. உனக்குத் தெரியும். சொல்லு."

ஷெரிலுக்குத் தெரியும். பெசன்ட் நகர் மாதா கோவிலில் கொடியேற்றின ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் மம்மி காலி பாட்டிலை நீட்டினாள். இதுக்குள்ள தீந்துடுச்சா என்று தான் கேட்டதும் நினைவிருக்கிறது. செப்டம்பரில் அவள் பிறந்தநாளுக்கு மம்மி செய்த கேக் பஞ்சு மாதிரி வந்தது. அக்டோபர் கடைசியில்தான் முதல் கேக் கெட்டது.

கேக்குதான் மொதல்ல மம்மி என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் மம்மி நம்புவாள். டாடி நம்புவார். வியாழக்கிழமை எல்லாரும் சிரித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவார்கள். மம்மி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிதான் மம்மி மொதல்ல."

"எப்போ?"

"பெசன்ட் நகர் கொடியேத்தத்தப்ப."

"அவ்ளோ முன்னாடியா." ஃப்ளோரா அழவில்லை. நீலக் கிரீடத்தை இறுக்கி மூடினாள். "கதவு பூட்டுனமான்னு எல்லாருக்கும்தான் சந்தேகம் வருது. அந்த மாதிரியும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாம்."

ஷெரில் தலையசைத்தாள்.

"ஜொவிட்டாவுக்கு போன் போட்டு சொல்லு, கேக் வருதுன்னு. டாடிகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத, நானே சொல்றேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் டாக்டரப் பாக்கலாம். நீயும் வா. அவங்க கேக்கறதுக்கு நான் தப்பா சொன்னா, எனக்காகன்னு நீ மாத்திச் சொல்லக் கூடாது."

"மாட்டேன்."

ஃப்ளோரா பாட்டிலை அவள் கையில் கொடுத்தாள். "இத இனிமே நீ வெச்சிக்கோ."

வெளியே மழை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே கேக் ஓரங்களில் எழும்ப ஆரம்பித்திருந்தது. நடுவில் இன்னும் எழும்பவில்லை. அதற்கு நேரம் இருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாவது அடுக்குக்கு இதுல பாதி. முழு அளவ வாய்விட்டு சொல்றேன், நீ கேளு," என்றாள் ஃப்ளோரா. "தப்புன்னா சொல்லு."

"சரி."

"மைதா ஒரு கிலோ."

"சரி."

"வெண்ணெ ஒரு கிலோ."

"சரி." கோவிலில் பிரார்த்தனைக்குப் பதில் சொல்கிற மாதிரியே வந்தது.

"முட்டை இருபது."

"சரி."

"பேக்கிங் பவுடர்..."

ஃப்ளோரா நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஷெரிலுக்கு அளவு தெரியும். வாயைத் திறக்காமல் மாதாவின் நீலக் கிரீடத்தை விரல் வலிக்கப் பிடித்துக்கொண்டாள். ஓவனுக்குள் ஹீட்டர் அணைந்து, திரும்பப் பற்றியது.

"நாலு ஸ்பூன்," என்றாள் ஃப்ளோரா. "டீஸ்பூன்."

"சரி."